இரவு தங்க அனுமதி உண்டா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. வெளியூரிலிருந்து வந்து இங்கே இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரியம் இருக்கும். பொங்கல் பானை, வெல்லம், விறகு, மொட்டை போடவேண்டிய குழந்தை என்று மூட்டை முடிச்சோடு இறங்கினால் அது மஞ்சனீஸ்வர அய்யனார் கோயிலுக்கு வந்த குடும்பம். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் தோளில் ஒரு பையுமாக இறங்கினால், இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் அக்காவையோ சித்தப்பாவையோ பார்க்க வந்தவராக இருக்கலாம். ஊர்ப் பேச்சில் முகாம் என்ற சொல் அபூர்வம். எல்லாருக்கும் அது 'கேம்ப்'தான்.

முகாம் என்பதே வந்தேறிச் சொல். அரபியில் 'மகாம்' என்றால் நிற்கும் இடம். உருது வழியாகத் தமிழுக்கு வந்து, படை தங்குமிடம், கலெக்டர் தங்குமிடம், கண் சிகிச்சை முகாம், சாரணர் முகாம், அகதி முகாம் என்று கைக்குக் கை மாறியது. பழைய தமிழில் இதற்குப் பாசறை என்றும் பாடி என்றும் பெயர். சாரணர் இயக்கத்துக்காரர்கள் மட்டும் அந்தப் பழைய சொல்லை இன்னும் விடவில்லை. முகாமின் கடைசி இரவில் மூட்டுகிற நெருப்பை அவர்கள் 'பாடித்தீ' என்கிறார்கள். சுற்றி உட்கார்ந்து பாடுவதால் அந்தப் பெயர் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதிலும் பெரிய தப்பில்லை.

எந்த வகை முகாமானாலும் அங்கே ஒரு பழைய சிக்கல் உண்டு. குடும்பத்து ஆள் ஒருவர் பார்க்க வருகிறார். பார்த்தார், பேசினார், சாப்பிட்டார், பொழுதும் சாய்ந்துவிட்டது. அவர் இரவு அங்கேயே படுக்கலாமா? வீடாக இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, இன்னொரு பாயை உதறிப் போட்டால் தீர்ந்தது. முகாமில் அப்படி முடியாது. அங்கே தலைக்கணக்கு என்று ஒன்று இருக்கிறது.

இந்தக் கடற்கரை விருந்துக்குப் பேர்போனது. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணர் குடும்பத்துக்கு வழிசொல்லும் நூல். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் அடையாளம் காட்டுகிறார்கள். அங்கே போனால் நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்கிறார் புலவர். அடுத்தடுத்த ஊர்களில் என்ன சோறு, என்ன கறி என்றும் சொல்லிக்கொண்டே போய், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலில் கொண்டு சேர்க்கிறார். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் யாழும் கையுமாக வந்து நின்றால், யார் எவர் என்று கேட்காமல் இலை போட்ட கரை இது. அதே கரையில்தான் இருபதாம் நூற்றாண்டு ஒரு முகாமை அமைத்து, வாசலில் பதிவேட்டையும் வைத்தது.

சாரணர் முகாமில் இந்தக் கேள்வி முதல் நாளே எழுந்துவிட்டது. 1907 ஆகஸ்ட் முதல் வாரம். இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சி தீவுக்கு ராபர்ட் பேடன்-பவல் இருபது பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்கள் பாதி. பூல், போர்ன்மத் ஊர்களின் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் மீதி. பணக்கார வீட்டுப் பையனுக்குக் கட்டணம் ஒரு பவுண்டு, ஊர்ப் பையனுக்கு மூன்றரை ஷில்லிங். ஓநாய், காளை, காகம், கடற்பறவை என்று நான்கு அணிகள், அணிக்கு ஐந்து பேர். கணக்கு கச்சிதம்.

அந்தக் கணக்கில் சேராமல் ஒரு பையனும் அங்கே இருந்தான். பெயர் டொனால்ட், வயது ஒன்பது. பேடன்-பவலின் அண்ணன் ஜார்ஜின் மகன். தகப்பன் இறந்துபோயிருந்தார். அணியில் சேர வயது போதவில்லை, வீட்டில் விட்டுவரவும் மனமில்லை போலும். சித்தப்பாவுக்கு எடுபிடி என்று ஒரு வேலையைக் கொடுத்து அவனையும் கூட வைத்துக்கொண்டார்கள். உலகின் முதல் சாரணர் முகாமிலேயே உறவுக்காரப் பிள்ளை ஒருவன் விருந்தாளியாகத் தங்கிவிட்டான். விதி எழுதியவரே முதல் விலக்கையும் கொடுத்தார். டொனால்ட் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் அறிஞரானார்.

பிரவுன்சியின் இரவுகள் சுவாரசியமானவை. ஒவ்வோர் இரவும் ஒரு அணி மாவு, இறைச்சி, உருளைக்கிழங்கு என்று படி வாங்கிக்கொண்டு முகாமை விட்டு விலகிப் போக வேண்டும். தானே சமைத்துச் சாப்பிட்டு, ஆள் போட்டுக் காவல் காக்க வேண்டும். இருட்டில் பேடன்-பவல் பதுங்கிப் பதுங்கி வருவார். காவல்காரப் பையன் கண்டுபிடித்துவிட்டால் அவன் கெட்டிக்காரன். சாரணனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, ராத்திரியில் முகாமுக்குள் வருகிறவன் யார் என்று கேட்பது. தீவின் சொந்தக்காரர் வான் ரால்ட்டே, பதிப்பாளர் தரப்பிலிருந்து வந்த பெர்சி எவரெட் போன்ற பெரியவர்கள் முகாமுக்கு வந்து போனார்கள். எவரெட் அந்தத் தீயைச் சுற்றி நடந்ததைப் பல வருஷம் கழித்தும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு கிளைக்கதை. பேடன்-பவலுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது தென்னாப்பிரிக்க போயர் யுத்தம். மாஃபெகிங் நகர முற்றுகையில் 217 நாள் தாக்குப்பிடித்த தளபதி அவர். அதே யுத்தத்தில்தான் போயர் குடும்பங்களைப் பெண்டு பிள்ளைகளோடு பிரிட்டிஷ் அரசு முகாம்களில் அடைத்தது. பிடிபட்ட போயர் வீரர்களைக் கப்பலேற்றி இலங்கை மலைநாட்டின் தியத்தலாவைக்கு அனுப்பியது. 1900இல் அங்கே முள்வேலிக்குள் ஆயிரக்கணக்கான போயர்கள் இருந்தார்கள். கூடாரம், கொடிக்கம்பம், ஊதல், வரிசை, தலை எண்ணுதல் எல்லாம் இரண்டு வகை முகாமுக்கும் பொது. உள்ளே இருப்பவன் வீட்டுக்குப் போகும் தேதி தெரிந்தவனா, தெரியாதவனா என்பதுதான் வித்தியாசம்.

இந்தியாவில் முதல் சாரணர் படை 1909இல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கர் தொடங்கியது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே இடம். இந்தியப் பையனுக்கு முடிச்சுப் போடவும் ஒற்றறியவும் சொல்லிக்கொடுத்தால் நாளை நம் மேலேயே திருப்புவான் என்ற பயம் அரசுக்கு இருந்தது. அந்தக் கதவைச் சென்னையில் தள்ளித் திறந்தவர் அன்னி பெசன்ட். 1916-17 வாக்கில் ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து இந்தியச் சாரணர் சங்கத்தை அவர் ஆரம்பித்தார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் நம்மூர்ப் பாட்டு. 1917 ஜூனில் தன்னாட்சிக் கிளர்ச்சிக்காகப் பெசன்டையும் அருண்டேலையும் அவர்களுடைய கூட்டாளி பி.பி. வாடியாவையும் அரசு பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தது. ஒரு சாரணர் தலைவி தானே கைதியாய், வெளியாள் பார்க்க வந்தால் அனுமதி கேட்கவேண்டிய நிலையில் இருந்தார். 1921இல் பேடன்-பவல் இந்தியா வந்தபோது இரண்டு இயக்கமும் ஒன்றாகின. பெசன்டுக்கு அகில இந்திய கௌரவ ஆணையர் பதவி கிடைத்தது. 1932இல் பிரிட்டிஷ் சாரணர் சங்கத்தின் உயர்ந்த விருதான வெள்ளி ஓநாயும் வந்தது.

பெசன்ட் தலைமை வகித்த அடையாறு பிரம்மஞான சபைக்காரர்களுக்குக் கூடாரம் பழகிப்போன விஷயம். ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சுற்றி வளர்ந்த நட்சத்திரச் சங்கம், ஹாலந்தின் ஓமன் என்ற ஊரில் வருஷந்தோறும் பெருமுகாம் நடத்தியது. பல நாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கூடாரத்தில் தங்கினார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று அங்கேதான் கிருஷ்ணமூர்த்தி எழுந்து சங்கத்தையே கலைத்தார். இரண்டாம் உலகப் போரில் அதே மைதானத்தை நாஜிகள் எடுத்துக்கொண்டு கைதி முகாமாக்கினார்கள். கூடாரம் அடித்த இடத்துக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. தண்ணீர், கக்கூஸ், வேலி தயாராக இருக்கிற திறந்தவெளியை எந்த அரசும் நினைவில் வைத்துக்கொள்கிறது.

1950 நவம்பர் 7ஆம் தேதி பாரத சாரணர் இயக்கம் உருவாகி, அடுத்த வருஷம் சாரணியரும் சேர்ந்த பிறகு, பள்ளிக்கூடத்துச் சாரணர் முகாம் தமிழ்நாட்டில் வழக்கமான காட்சியானது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படித்த எத்தனையோ பேருக்கு, வீட்டை விட்டுத் தனியாகப் படுத்த முதல் இரவு இராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமில்தான். மூங்கிலையும் சணல் கயிற்றையும் வைத்து அணிக்கு ஒரு வாசல் கட்டுவார்கள். செருப்பு வைக்க ஒரு தட்டு, சாப்பாட்டுத் தட்டு கவிழ்க்க ஒரு பரண், துணி காயப்போட ஒரு கொடி. ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் கட்டுதான். காலையில் ஆசிரியர் வந்து கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். ஆடினால் மதிப்பெண் போச்சு. ஸ்கார்ஃபை மடித்த மடிப்பு, அதைக் கழுத்தில் பிடித்துக்கொள்ளும் வாகிள் வளையம், இடக்கையால் குலுக்கும் கை, விசில் ஒலித்தால் ஓட்டம்.

இரண்டாம் நாள் மாலைக்குள் ஒரு அம்மா வந்துவிடுவார். இதை எந்தக் கையேடும் தடுத்ததில்லை. பையன் சாப்பிட்டானா, வயிறு சரியாக இருக்கிறதா, ராத்திரி போர்த்திக்கொள்கிறானா என்று பார்க்கத்தான். கையில் எலுமிச்சம் சோறு இருக்கும், கூடவே முறுக்கு ஒரு டப்பா. "சார், இவனுக்குப் பனி ஒத்துக்காது" என்று ஆரம்பிப்பார். சாரணர் ஆசிரியரும் எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார்! "பாத்துட்டுப் போங்கம்மா, நாளன்னிக்குப் பாடித்தீக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று பதமாகச் சொல்லி அனுப்புவார். முறுக்கு டப்பா ஐந்து நிமிஷத்தில் அணிக்குப் பொதுச் சொத்தாகிவிடும்.

அந்தப் பாடித்தீ, முகாம் குடும்பத்துக்குக் கொடுக்கும் சலுகை. கடைசி இரவு தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், அரிசி மூட்டை கொடுத்த கடைக்காரர், அம்மா அப்பா, தங்கை, பாட்டி எல்லாரும் வருவார்கள். பையன் குரங்கு வேஷம் கட்டி ஆடுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். தீ தணிந்து கடைசிப் பாட்டும் முடிந்தால் பெரியவர்கள் கிளம்பியாக வேண்டும். பையனுக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி. காலையில் கொடி இறக்கி, குழிகளை மூடி, சாம்பலைக் கூட்டி அள்ளிய பிறகுதான் அவனுக்கு வீடு. சாரணர் முகாமின் விருந்தோம்பலுக்கு நெருப்பு அணைகிற வரைக்கும்தான் ஆயுள்.

தலைவர் வீட்டுக்கு மட்டும் வேறு ஏற்பாடு! 1929இல் இங்கிலாந்தின் ஆரோ பார்க்கில் நடந்த உலகச் சாரணர் பெருமுகாமான ஜாம்போரி மழையிலும் சேற்றிலும் மூழ்கியது. பார்வையாளர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். அங்கே உலகச் சாரணர்கள் காசு சேர்த்துப் பேடன்-பவலுக்கு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரும், பின்னால் இழுத்துப் போக ஒரு கேரவன் வண்டியும் பரிசளித்தார்கள். காருக்கு 'ஜாம் ரோல்' என்றும் கேரவனுக்கு 'எக்கிள்ஸ் கேக்' என்றும் பட்டப்பெயர். இரண்டும் தின்பண்டம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் முகாமுக்குப் போனால் படுக்கையும் கூடவே உருண்டு வரும், யாரிடமும் பாய் கேட்க வேண்டியதில்லை.

இப்போது மேல்நாட்டில் தலைவருக்கும் விலக்கில்லை. பிரிட்டனில் பிள்ளைகளை இரவு தங்கவைக்கும் முகாம் நடத்த, பொறுப்பாளர் அதற்கென்று தனி அனுமதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2023 செப்டம்பர் முதல், முகாமில் இரவு தங்கும் பெரியவர் எவரும் பதிவு செய்தவராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. குருளையர் பருவத்துச் சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொஞ்சம் தளர்வு. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2020இல் அமெரிக்கச் சாரணர் அமைப்பு திவால் மனு கொடுத்தபோது, சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கோரினார்கள். முகாமில் ராத்திரி தங்கும் பெரியவர் யார் எவர் என்று சரியாக விசாரிக்காத காலத்தின் கணக்கு அது. எலுமிச்சம் சோற்றோடு வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிய நம்மூர் ஆசிரியர் அறியாமலே சரியான காரியம் செய்திருக்கிறார்.

ஆக, சாரணர் முகாமின் இரவுத் தடை உள்ளே இருக்கும் பிள்ளையின் நன்மைக்கு. இன்னொரு வகை முகாமில் அதே தடைக்கு வேறு பொருள். அதன் தமிழ்நாட்டு வரலாறு மண்டபத்தில் தொடங்குகிறது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளிகளின் வாசலானது மண்டபம். அங்கே அவர்களை ஒரு முகாமில் நிறுத்தி, நோய் உண்டா என்று சில நாள் பார்த்து, துணியை வேகவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றானபோது, அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபம் வழியாகத் திரும்பி வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த ஈழத்து அகதிகளையும் அங்கேதான் முதலில் தங்கவைத்தார்கள். மூன்று தலைமுறைக்கு ஒரே வாசல். 1983 முதல் 1987 வரை மட்டும் 1,34,053 பேர் வந்ததாக அரசுக் கணக்கு. மண்டபத்தில் பெயர் எழுதி, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி, புழல், இங்கே மரக்காணம் கரையில் கீழ்புத்துப்பட்டு என்று முகாம்கள் முளைத்தன.

ஒரு படகில் ஏறிய குடும்பங்கள் ஒரே முகாமுக்குப் போகவில்லை. அண்ணன் ஒரு மாவட்டம், தங்கை ஒரு மாவட்டம். அங்கேதான் விருந்தாளிப் பிரச்சினை. பல முகாம்களில் ஆரம்பகால வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி அறை, மேலே தார் அட்டை. வெயிலில் தார் உருகும், மழையில் ஒழுகும். அதற்குள் ஐந்து பேர். தங்கச்சி குடும்பம் வந்து இறங்கினால், "வாங்கோ, இருங்கோ" என்று தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, சாயங்காலம் இடியப்பமும் சொதியும் சம்பலும் ஆகிவிடும். ஈழத்து வீட்டில் விருந்தாளியை அன்றே பஸ் ஏற்றிவிடுவது மரியாதை இல்லை. ஆண்கள் வெளியே படுத்தால் உள்ளே இடம் உண்டாகும். இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அனுமதிதான் சிக்கல்.

1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொலையான பிறகு முகாம்களின் மீது கண்காணிப்பு இறுகியது. கியூ பிரிவு போலீஸ், வருவாய்த் துறை ஆய்வாளர், பதிவேடு. உதவித்தொகை தரும் நாளில் குடும்ப அட்டையோடு எல்லாரும் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் வேலைக்குப் போய் இரவு தங்குவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போய், கணக்கெடுப்பில் ஆள் இல்லையென்றால் பெயர் அடிபடும். உள்ளே இருப்பவர் வெளியே தங்குவது இப்படியென்றால், வெளியாள் உள்ளே தங்குவது இன்னும் ஒரு படி மேல். மகளின் சடங்குக்கும் அப்பாவின் எட்டாம் நாள் காரியத்துக்கும் வருகிற சொந்தங்களுக்குக்கூட இரவைப் பற்றி யாரிடமாவது கேட்டுவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாரணப் பையனின் அம்மாவுக்கு 'நாளன்னிக்கு' என்று ஒரு தேதி கிடைத்தது. இந்த வீடுகளில் நாளன்னிக்கு என்பது முப்பது வருஷமாக நீண்டது.

இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலும் ஸ்கார்ஃப் கட்டிய தலைமுறைகள் உண்டு. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரியில் இலங்கையின் தேசிய ஜாம்போரி யாழ்ப்பாணத்தில் நடந்தது. எந்த ஊரை விட்டு ஓடிவந்து இங்கே முகாமில் இருந்தார்களோ, அந்த ஊரில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கூடாரமடித்து, சில நாளில் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். 7,469 பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உதவித்தொகையும் உயர்ந்தது. அப்போது மாநிலத்தில் 108 முகாம்கள், 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மறுநாளே 'அகதிகள் முகாம்' என்ற பெயர் போய் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றானது. பெயரில் இருந்த அகதி போய்விட்டது, முகாம் இருக்கிறது.

புது வீட்டில் சுவர் செங்கல், கூரை கான்கிரீட், கக்கூஸ் உள்ளேயே. கதவைச் சாத்தினால் தாழ் விழும். ஊரிலிருந்து தங்கச்சி வந்தால், நடு அறையில் பாயை விரித்து, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைக்கலாம். கீழ்புத்துப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிஸ்கட் பொட்டலத்தோடு வருகிறவரிடம் முகாமில் முதலில் கேட்பது இன்னும் அதே கேள்விதான். யார் வீட்டுக்கு? எத்தனை நாள்?